பி-யும் ஐ-யும் அமுக்கிட்டா போல்ட் இட்டாலிக் ஆயிடுமா?

இந்த தடவை எடுத்துக்கிட்ட லெட்டர் கொஞ்சம் நீளம். எழுதினவங்க கேட்டுக்கிட்டதால அவங்க பேரு, கம்பெனி பேரு, ஃபாண்ட் பேரு எதையும் போடல, விஷயத்த மட்டும் சுருக்கி சொல்லிடறேன்.

ரெண்டு வருஷமா தனியா டிசைன் வேலை பண்றாங்க. எங்கயும் போய் படிச்சதில்ல, பார்த்து பார்த்து தானா கத்துக்கிட்டது. மொத பெரிய கிளையன்ட் ஒரு பார்சல் டெலிவரி கம்பெனி, அவர் சொன்ன ஒரே வார்த்தை "வேகம் தெரியணும்". இவங்க ஒரு இலவச சைட்ல இருந்து ஒரு சான்ஸ் செரிஃப் (எழுத்து முனையில குஞ்சம் இல்லாத) ஃபாண்ட் இறக்கி, அதுல இருந்தது ரெகுலர் ஒண்ணே ஒண்ணு தான், போட்டோஷாப்ல பேர டைப் பண்ணி போல்டும் இட்டாலிக்கும் அமுக்கி குடுத்துட்டாங்க. கிளையன்ட்டுக்கு ரொம்ப புடிச்சு போச்சு, புடிச்சதோட நிக்காம பிரவுச்சர், ஸ்லிப், ஆப், வண்டி, தமிழ்ல இருக்கற டேக்லைன் எல்லாமே "இதே மாதிரி" வேணும்னுட்டார். அப்புறம் தான் ஒண்ணொண்ணா வெடிச்சிருக்கு. பிரின்டர் வெக்டர் (எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாத கோட்டு வடிவ ஃபைல்) கேட்டார், கன்வர்ட் டு ஷேப் குடுத்தா முடியாதுன்னு மெசேஜ் வருது. ஒரு சீனியர் நண்பர் பார்த்துட்டு "இது போலி இட்டாலிக், ஒப்ளிக்னாலே போலி தான், வெளிய சொல்லாத" அப்டின்னு சிரிச்சிருக்கார் (ஒப்ளிக்னா நிமிர்ந்த எழுத்தோட உருவத்தையே சாய்ச்சு வெக்கறது). ஃபாண்ட் கூட வந்த குறிப்ப இப்ப தான் தொறந்து படிச்சா சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு இருக்கு. போதாததுக்கு, தன்னோட ப்ரொஃபைல் பேர ஒரு சைட்ல குடுத்து தடிமனா சாஞ்ச எழுத்தா மாத்தி வெச்சிருக்காங்க, பார்வையில்லாத ஒரு தோழி "உன் பேர என் போன் படிக்கவே மாட்டேங்குதுடி"ன்னு சொல்லியிருக்காங்க.

கடைசியில கேட்டது இது: நான் பண்ணினது தப்பா, கேஸ் ஆகுமா, கிளையன்ட்கிட்ட சொல்லணுமா, இல்ல அவுட்லைன் பண்ணி (எழுத்த வெறும் கோட்டு உருவமா மாத்தி) அனுப்பிட்டு பேசாம இருந்துடலாமா?

மொதல்ல உங்க படபடப்புக்கு பதில் சொல்லிடறேன். நீங்க பண்ணினதுல ரெண்டு சரி செய்யக்கூடிய தப்பும் ஒரு நல்ல முடிவும் இருக்கு. நல்ல முடிவு என்னன்னா, வேகம்னு ஒருத்தர் கேட்டதும் தடிமனான, சாஞ்ச, குஞ்சம் இல்லாத எழுத்துக்கு கை போனது. அது கண்ணு இருக்கறவங்க எடுக்கற முடிவு தான். விசா கார்டு மேல இருக்கற பேரு, 2024 வரைக்கும் இருந்த பேபால் பேரு, 1993 வாக்குல இருந்து 2017 வரைக்கும் ஓடின பழைய ஃபார்முலா ஒன் லோகோ, எல்லாம் இந்த குடும்பம் தான். அந்த ஃபார்முலா ஒன் லோகோவுல கருப்பு எஃப்புக்கும் சிவப்பு கோடுகளுக்கும் நடுவுல இருக்கற வெள்ளை இடமே 1-ஆ நிக்கும், சாய்வு இல்லாம நிமிர்த்தி வெச்சிருந்தா அந்த வித்தை பாதி கூட எடுபட்டிருக்காது. நான் முதல் தடவ அத கவனிச்சப்ப எனக்கு வயசு முப்பதுக்கு மேல, அதனால நீங்க எதையும் லேட்டா தெரிஞ்சுக்கிட்டதுக்கு வெக்கப்பட வேணாம்.

தப்பு ரெண்டும் எதுன்னா, ஒண்ணு போல்டும் இட்டாலிக்கும் கூட்டினா போல்ட் இட்டாலிக் வரும்னு நெனச்சது, இன்னொண்ணு குறிப்ப கடைசியில படிச்சது.

பட்டன் என்ன பண்ணுது

ஒரு ஃபாண்ட் குடும்பத்துல ரெகுலர், இட்டாலிக், போல்ட், போல்ட் இட்டாலிக்னு நாலு பேர் தனித்தனி ஃபைலா இருக்கணும், அது தான் பல வருஷ ஏற்பாடு. பி அமுக்கினா சாஃப்ட்வேர் போய் போல்ட் ஃபைல எடுக்கும், ரெண்டும் அமுக்கினா நாலாவது ஆள கூப்பிடும். அந்த நாலாவது ஆள் வீட்ல இல்லைன்னா பல சாஃப்ட்வேர் "இல்ல"ன்னு சொல்லாது, இருக்கற ரெகுலருக்கே வேஷம் கட்டி அனுப்பிடும். தடிமனுக்கு எழுத்த சுத்தி ஒரு கோடு போட்டு ஊதிவிடும், சாய்வுக்கு மேல் பக்கத்த புடிச்சு வலது பக்கம் தள்ளிடும், அவ்ளோ தான். போட்டோஷாப்ல அந்த பட்டனுக்கு பேரே ஃபாக்ஸ் போல்ட், ஃபாக்ஸ் இட்டாலிக் (faux, அதாவது போலி), ஒளிச்செல்லாம் வெக்கல. உங்களுக்கு கன்வர்ட் டு ஷேப் முடியாதுன்னு வந்ததும் அந்த ஃபாக்ஸ் போல்டால தான், ஏன்னா வெளிய எடுத்துக்குடுக்க நெஜமான அவுட்லைன்னு ஒண்ணு அங்க இல்ல. பிரின்டர் உங்கள காப்பாத்தியிருக்கார்னு நெனச்சுக்கோங்க.

தள்ளிவிட்டா என்ன கெடுதின்னு கேப்பீங்க. உங்க லோகோவ எடுத்து நல்லா பெருசாக்கி பாருங்க, வட்டமான ஓ எழுத்த பாருங்க. மேல வலது மூலையும் கீழ இடது மூலையும் வீங்கி இருக்கும், மேல இடதும் கீழ வலதும் ஒட்டிப்போய் இருக்கும், கைல புடிச்சு கோணலா இழுத்த ரப்பர் வளையம் மாதிரி. அடுத்து பெரிய ஏ. இடது கால் ஏற்கனவே வலது பக்கம் சாஞ்சது, இன்னும் சாஞ்சு நீண்டு ஒல்லியாகிடும், வலது கால் நிமிர்ந்து குண்டாகிடும். ரெகுலர் எழுத்துல இது யார் கண்லயும் பெருசா படாது, தடிமன் ஏற ஏற அந்த வித்தியாசமும் ஏறும், வேன் சைஸ்ல பெயின்ட் அடிச்சா கண்ண உறுத்தும். ஊதிவிட்டதால வர்ற சேதாரம் உள்ளுக்குள்ள, சின்ன இ எழுத்தோட கண்ணு, சின்ன ஏ-வோட வயிறு, எஸ்-ஸோட ரெண்டு வாய், எல்லாம் அடைச்சுக்கும்.

நெஜமா வரையறவங்க இதுக்கெல்லாம் ஒண்ணொண்ணா மருந்து போடுவாங்க. படுக்கை கோட்ட நேர் கோட்ட விட கொஞ்சம் ஒல்லியா விடுவாங்க, சின்ன n எழுத்தோட வளைவு தண்டுல இருந்து பிரியற இடத்துல செதுக்கி எடுப்பாங்க, இல்லன்னா அந்த மூலையில கருப்பு தேங்கிடும். ஓ-வோட வீக்கத்த மூலை மூலையா திருப்பி சரி பண்ணுவாங்க, எழுத்து நடுவுல இடைவெளிய திரும்ப அளப்பாங்க. நான் ஒரு தடவ ஒரு எஸ் எழுத்த மட்டும் சாய்வுல சரி பண்ண ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்திருக்கேன், சாயங்காலம் பார்த்தா காலையில இருந்தத விட மோசமா இருந்துச்சு, அது வேற கதை.

ஒப்ளிக்னாலே போலி இல்ல

உங்க சீனியர் நண்பர் உங்க லோகோவ பத்தி சொன்னது சரி, ஒப்ளிக்க பத்தி சொன்னது தப்பு, இத பிரிச்சு புரிஞ்சுக்கோங்க. சாய்வுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு இட்டாலிக், எழுத்தோட உருவமே கையெழுத்து பக்கம் போகும். 1928-ல வந்த கில் சான்ஸ்ல பாத்தா ரெண்டு மாடி ஏ (மேல கொக்கி, கீழ வயிறு இருக்கற a), இட்டாலிக்ல ஒரு மாடியா மாறிடும், சின்ன p-க்கு பேனா இழுத்த மாதிரி ஒரு சின்ன வால் இருக்கும். இன்னொண்ணு ஒப்ளிக், நிமிர்ந்த உருவத்தையே சாய்ச்சு, அப்புறம் கண்ணுக்கு சரி பண்ணி வரையறது. 1957-ல அட்ரியன் ஃப்ருடிகர் வரைஞ்ச யூனிவர்ஸ் அப்டித்தான், அதுக்கு பேருக்கு பதிலா நம்பர் குடுத்திருந்தார், 55 ரெகுலர், 65 போல்ட், 66 போல்ட் ஒப்ளிக், மொத நம்பர் தடிமன், ரெண்டாவது இரட்டைப்படையா வந்தா சாய்வு. 66-ன்னு தனி நம்பரே குடுத்திருக்கார் பாருங்க, அதுவும் ஒரு முழு ஆள்னு அர்த்தம். ஹெல்வெடிகாவோட சாய்வும் ஒப்ளிக் தான், 12 டிகிரி, பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் காலத்துல இருந்தே ஹெல்வெடிகா போல்ட் ஒப்ளிக்னு தனியா உள்ள உக்காந்திருக்கு. அதையெல்லாம் போலின்னு சொன்னா பாதி உலகத்த போலின்னு சொல்லணும்.

இந்த போல்ட் இட்டாலிக் சான்ஸ் செரிஃப்ங்கறதே மூணு வேற வேற வயசுக்காரங்க சேர்ந்து குடித்தனம் பண்ற வீடு தான். இட்டாலிக் வெனிஸ்ல ஆல்டஸ் மனுஷியஸ் 1501-ல விர்ஜில் புத்தகத்த முழுக்க அதுலயே அச்சடிச்சப்ப வந்தது, எழுத்த வெட்டினவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அப்ப அது அழுத்தி சொல்றதுக்கு இல்ல, கைக்கு அடக்கமான புத்தகத்துக்கான தனி எழுத்து, பெரிய எழுத்துக்கள் நிமிர்ந்தே தான் நின்னுச்சு. சான்ஸ் செரிஃப் வில்லியம் காஸ்லன் நாலாமவர் 1816-ல விட்டது, பெரிய எழுத்து மட்டும், சாய்வெல்லாம் கெடையாது. சாதா எழுத்துக்கு பக்கத்துல துணையா நின்னு தடிமனா கத்தற எழுத்துன்னா 1845-ல வந்த கிளாரண்டன தான் பெரும்பாலும் காட்டுவாங்க, அதுக்கோ குஞ்சம் உண்டு. மூணுக்கும் மூணு வேலை, மூணு தேவை. அதனால தான் ரெண்டு பட்டன்ல இது மூணையும் ஒட்ட வெக்க முடியறதில்ல, யாராவது உக்காந்து சமாதானம் பண்ணி வெக்கணும்.

உங்ககிட்ட இருக்கறது வேஷமா நெஜமான்னு இனிமே கண்டுபுடிக்க ஒரு சுலப வழி சொல்றேன். பிடிஎஃப் எடுத்து அக்ரோபாட்ல டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபாண்ட்ஸ் பக்கத்த தொறங்க. பேர் போல்ட் இட்டாலிக்னோ போல்ட் ஒப்ளிக்னோ முடிஞ்சா நாலாவது ஆள் வந்திருக்கார். எழுத்து சாஞ்சு தெரியுது, லிஸ்ட்ல ரெகுலர் மட்டும் இருக்குன்னா வேஷம். ஆப்புக்கும் வெப்சைட்டுக்கும் இதே வியாதி உண்டு, பிரவுசர் தானா சாய்ச்சுக்கும், டெவலப்பர்கிட்ட சொல்லி சிஎஸ்எஸ்-ல ஃபாண்ட் சின்தெசிஸ் நன்-னு போட சொல்லுங்க, அப்ப ஃபைல் இல்லாத எடம் நிமிர்ந்தே நின்னு தன்ன தானே காட்டிக்குடுக்கும். வேரியபிள் ஃபாண்ட்னு 2016-ல இருந்து வர்ற வகையில தடிமனுக்கும் சாய்வுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும், அதுல பட்டன் ஏமாத்தற பிரச்சனை கொறையும், ஆனா சாய்வு ஸ்லைடர் இருக்கான்னு பார்த்து எடுங்க, எல்லாத்துலயும் இருக்காது.

எங்க போடலாம், எங்க வேணாம்

உங்க கிளையன்ட் சொல்ற "எல்லாமே இதே மாதிரி" தான் எனக்கு ஃபாண்ட விட பெரிய கவலை. இந்த எழுத்து வேகமா தெரியறதே பக்கத்துல நிமிர்ந்து நிக்கற எழுத்து இருக்கறதால தான். எல்லாரும் ஓடற எடத்துல யாரும் ஓடற மாதிரி தெரியாது. லோகோ, பெரிய தலைப்பு, ஒரு வரி அறிவிப்பு, ஸ்டிக்கர், இந்த அளவுல வெச்சுக்கோங்க. கலைஞர் பார்பரா க்ரூகர் சிவப்பு பட்டைக்குள்ள வெள்ளையா ஃப்யூச்சரா போல்ட் ஒப்ளிக்ல போடற வாசகங்கள பாருங்க, ஒவ்வொண்ணும் சில வார்த்தை தான், பட்டை நிமிர்ந்து நிக்குது எழுத்து மட்டும் சாயுது, அந்த இழுபறி தான் அங்க வேலையே. அதே எழுத்துல ரெண்டு பக்கம் எழுதியிருந்தா யாரும் நின்னு படிச்சிருக்க மாட்டாங்க.

பிரவுச்சர் பத்திக்கு சுத்தமா வேணாம். படிக்கறதுல சிரமம் இருக்கறவங்களுக்காக பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் குடுக்கற ஆலோசனையே சாய்வையும் அடிக்கோட்டையும் தவிருங்க, அழுத்தி சொல்ல போல்ட் போதும்னு தான், சாஞ்ச எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடற மாதிரி தெரியும்னு காரணமும் சொல்றாங்க. ஆப் பண்றவங்க பின்பத்தற வெப் அணுகல் விதிகள்ல போல்டா இருந்தா 14 பாயின்ட்லயே பெரிய எழுத்துனு கணக்கு, பின்னணியோட 3-க்கு 1 வேறுபாடு இருந்தா போதும், சாதா எழுத்துக்கு 4.5-க்கு 1 வேணும். தடிமனுக்கு சலுகை உண்டு, சாய்வுக்கு ஒண்ணும் கெடையாது.

ஸ்லிப்ல டிராக்கிங் நம்பர் இருக்குமே, அத கண்டிப்பா நிமிர்ந்த ரெகுலர்லயோ மீடியம்லயோ போடுங்க. தடிமனா சாஞ்ச எழுத்துல சின்ன சைஸ்ல 3, 6, 8, 9 நாலும் அண்ணன் தம்பி மாதிரி ஆயிடும், உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும், இதுல ஓ-வும் பூஜ்யமும் கலந்து வந்தா டெலிவரி பையன் வேற வீட்டு கதவ தட்டிட்டு நிப்பான். வேகம்னு சொல்லிட்டு பார்சல் தப்பா போனா லோகோவ யாரு மதிப்பா.

வண்டி விஷயம் ஒண்ணு, இத நெறைய பேர் பெயின்ட் அடிச்ச பிறகு தான் பார்க்கறாங்க. நீங்க வண்டியோட வலது பக்கமா நின்னு பார்த்தா முன்பக்கம் உங்க வலது கைப்பக்கம் இருக்கும், எழுத்தும் வலது பக்கம் சாயுது, பிரமாதம், பாயற மாதிரி இருக்கும். இடது பக்கம் போய் நின்னா முன்பக்கம் உங்க இடது கைப்பக்கம், எழுத்து மட்டும் வழக்கம் போல வலது பக்கமே சாயும், அதாவது வண்டி முன்னாடி போகுது எழுத்து பின்னாடி இழுக்குது, பிரேக் புடிச்ச மாதிரி. எழுத்த திருப்பி சாய்க்க முடியாது, படிக்க கோணலா இருக்கும். அதனால இடது பக்கத்துல பேர கொஞ்சம் சின்னதாக்கி வேகத்த காட்டற கோடுகள், அம்புக்குறி மாதிரி ஏதாவத வண்டி போற திசைக்கு வெச்சு சமன் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஸ்டிக்கர்னு ஆர்டர் குடுத்துடாதீங்க.

பட்டனுக்குள்ளயோ பெட்டிக்குள்ளயோ நடுவுல வெக்கறப்ப கம்ப்யூட்டர் சொல்ற நடுவ நம்பாதீங்க. 12 டிகிரி சாய்வுல 70 பாயின்ட் உயர எழுத்தோட தலை சுமாரா 15 பாயின்ட் வலது பக்கம் போயிடுது, கண்ணுக்கு மொத்தமும் ஒரு பக்கமா நகர்ந்த மாதிரி தெரியும், கைல புடிச்சு கொஞ்சம் தள்ளி வெச்சு கண்ண சுருக்கி பாருங்க. அதே மாதிரி சாஞ்ச எழுத்துக்கு அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தா ரெண்டும் முட்டிக்கும், நடுவுல ஒரு மயிரிழை எடம் விடுங்க.

இந்த நாலாவது ஆளுக்கு சத்தம் போடாத வேலை ஒண்ணும் இருக்கு. முழு தலைப்பும் போல்ட்ல இருக்கு, அதுக்குள்ள ஒரு புத்தகப் பேரோ ஒரு செடியோட அறிவியல் பேரோ வருது, அத சாய்ச்சே ஆகணும், அப்ப போல்ட் இட்டாலிக் இல்லாம முடியாது. இயற்பியல் கணக்குல டென்சர்ங்கற அளவ போல்ட் இட்டாலிக் சான்ஸ் செரிஃப்லயும் வெக்டர்ங்கற அளவ போல்ட் இட்டாலிக் செரிஃப்லயும் போடறது ஐஎஸ்ஓ 80000-2 தரத்துல இருக்கற வழக்கம், அங்க எழுத்தோட சாய்வே அர்த்தம். இத வெச்சுக்கோங்க, உங்க ப்ரொஃபைல் கதைக்கு இது தேவைப்படும்.

தமிழ் டேக்லைன நிமிர்த்திடுங்க, கேள்வியே வேணாம். தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷ் மாதிரி இட்டாலிக்னு தனியா வளர்ந்த கை கெடையாது, நாம அழுத்தி சொல்ல தடிமன், சைஸ், கலர், மேற்கோள் குறி இத வெச்சே சமாளிச்சிருக்கோம். இயந்திரத்தனமா தள்ளினா ப, ம, ட மாதிரி சதுரமா நிக்கற எழுத்தெல்லாம் சரியப்போற அட்டைப்பெட்டி மாதிரி ஆகும், ண-வுக்கும் ஞ-வுக்கும் சுழி அடைச்சு கருப்பா திட்டாகும். எனக்கு ரொம்ப உறுத்தறது புள்ளி தான், அது உச்சியில இருக்கறதால அது தான் ரொம்ப தூரம் நகரும், தன் எழுத்த விட்டுட்டு பக்கத்து எழுத்து தலையில ஒண்டிக்கிட்டு நிக்கும். இங்கிலீஷ் பேர் சாஞ்சு இருக்கட்டும், அதுக்கு சமமான தடிமன்ல தமிழ் நிமிர்ந்து இருக்கட்டும், பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, இங்கிலீஷோட வேகம் இன்னும் கூடித்தான் தெரியும்.

லைசன்ஸ்

இப்ப பயமுறுத்தற பகுதி. சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு சொன்ன ஃபாண்ட கம்பெனி லோகோவுக்கு போட்டது லைசன்ஸ மீறினது தான், பூசி மெழுக ஒண்ணுமில்ல. அவுட்லைன் பண்ணிட்டா தப்பிச்சுடலாம்ங்கறது ரொம்ப பழைய நம்பிக்கை, அவுட்லைன் எடுக்கறதுக்கே நீங்க அந்த ஃபாண்ட் சாஃப்ட்வேர பயன்படுத்தியாகணும், அத எதுக்கு பயன்படுத்தலாம்னு தான் லைசன்ஸ் பேசுது. "எழுத்தோட உருவத்துக்கு காப்பிரைட் இல்லையாமே"ன்னும் கேட்டிருக்கீங்க. அமெரிக்காவுல உருவத்துக்கு காப்பிரைட் இல்லங்கறது உண்மை, ஃபாண்ட் ஃபைலுக்கு சாஃப்ட்வேரா காப்பிரைட் உண்டுங்கறதும் உண்மை, டிசைன் பேடன்ட் வேற எடுக்கலாம், 1842-லயே அங்க குடுத்த மொத டிசைன் பேடன்ட் ஒரு அச்செழுத்துக்கு தான். ஐரோப்பிய ஒன்றியத்துல உருவத்தையே டிசைனா பதிவு பண்ணி 25 வருஷம் வரைக்கும் காப்பாத்திக்கலாம். நாட்டுக்கு நாடு மாறற விஷயம், அதனால அந்த ஒத்த வரிய நம்பி லோகோ விக்காதீங்க, பெரிய தொகை ஒப்பந்தம்னா உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.

உடனே கேஸ் வருமான்னா, இந்த மாதிரி சின்ன வேலைகள்ல பெரும்பாலும் வர்றது, ஃபாண்ட் வரைஞ்சவர்கிட்ட இருந்து "லைசன்ஸ் எடுத்தீங்களா"ன்னு ஒரு மெயில், அப்புறம் கணக்கு தீக்கறது. ஆனா நீங்க இன்னும் அச்சுக்கே போகல, அதனால மெயில் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்ல. உங்க முன்னாடி மூணு வழி இருக்கு.

மொதல் வழி, அதே ஃபாண்ட வரைஞ்சவருக்கு எழுதி வணிக லைசன்ஸ் வாங்கறது, கூடவே நெஜமான போல்ட் இட்டாலிக் இருக்கான்னு கேக்கறது. இல்லன்னு சொன்னா லைசன்ஸ் வாங்கியும் உங்க ஏ எழுத்தோட கால் குண்டாவே தான் இருக்கும், அதனால எனக்கு இது ரெண்டாம்பட்சம். வாங்கறதா இருந்தா லோகோ, வெப், ஆப் மூணுக்கும் தனித்தனியா அனுமதி கேப்பாங்க, படிச்சு பாருங்க.

ரெண்டாவது, ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ்ல வர்ற, நாலு பேரும் வீட்ல இருக்கற ஒரு குடும்பத்துக்கு மாறறது. லாட்டோ, சோர்ஸ் சான்ஸ் ரெண்டும் இந்த வகை, ரெண்டுலயும் வரைஞ்ச போல்ட் இட்டாலிக் இருக்கு, வணிக வேலைக்கு தாராளமா போடலாம், லைசன்ஸ் ஃபைலையும் சேர்த்து கிளையன்ட்டுக்கு ஃபாண்ட குடுக்கவும் செய்யலாம், தனியா ஃபாண்ட மட்டும் விக்கக்கூடாது. கிளையன்ட் ஃபாண்ட் ஃபைல் கேக்கறார்னு எழுதியிருந்தீங்களே, காசு குடுத்து வாங்கற ஃபாண்ட்ல அது பெரும்பாலும் நடக்காது, அவர் தனியா வாங்கணும், இதுல அந்த தலைவலி இல்ல. இலவசம்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சது தான் உங்கள மாட்டிவிட்டது, இலவசமா இறக்கறது வேற, இலவசமா உபயோகிக்கறது வேற.

மூணாவது, லோகோவுக்கு மட்டும் எழுத்த வரையறது. ஒன்பது பத்து எழுத்து தானே, ரெண்டாவது வழியில எடுத்த போல்ட் இட்டாலிக்க அடிப்படையா வெச்சு நீங்களே மாத்தலாம், ஒரு எழுத்தோட முனைய சாய்வுக்கு ஏத்தாப்ல வெட்டலாம், ரெண்டு எழுத்த சேர்க்கலாம். இதுல ஒரு லாபம் என்னன்னா, அப்டியே ஃபாண்ட டைப் பண்ணி விட்ட பேர நாளைக்கு இன்னொரு கம்பெனியும் அதே ஃபாண்ட்ல டைப் பண்ணலாம், யாரும் தடுக்க முடியாது. நான் உங்க எடத்துல இருந்தா ரெண்டையும் மூணையும் சேர்த்து தான் பண்ணுவேன்.

அந்த ப்ரொஃபைல் பேரு

அது ஃபாண்டே இல்லம்மா. மேல டென்சர் சொன்னேன்ல, அந்த மாதிரி கணக்கு எழுத்துக்காக யூனிகோட் (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்கற தரம்) 2001-ல ஒரு தனி கூட்டத்தையே சேர்த்துச்சு, அதுல சான்ஸ் செரிஃப் போல்ட் இட்டாலிக்னு இங்கிலீஷோட 52 எழுத்தும் இருக்கு. அந்த சைட் உங்க பேர ஸ்டைல் மாத்தல, எழுத்தையே எடுத்துட்டு கணக்கு குறிகள வரிசையா அடுக்கி குடுத்திருக்கு. உங்க தோழியோட போன் ஒண்ணு ஒவ்வொரு எழுத்துக்கும் கணிதக் குறின்னு நீட்டி முழக்கும், இல்லன்னா பேசாம தாண்டி போயிடும். பேர போட்டு தேடறவங்களுக்கும் சில எடத்துல நீங்க கெடைக்க மாட்டீங்க. ஒரு வேடிக்கை, அந்த கூட்டத்துல சாஞ்ச எண்களே கெடையாது, உங்க பேர் பின்னாடி வருஷத்த போட்டிருந்தீங்கன்னா எழுத்து சாஞ்சும் நம்பர் விறைப்பா நிமிர்ந்தும் நிக்கும், போய் பாருங்க. தமிழுக்கும் அதுல ஒண்ணும் இல்ல. இன்னைக்கே சாதா எழுத்துக்கு மாத்திட்டு தோழிக்கு ஒரு போன் போடுங்க.

கிளையன்ட்கிட்ட சொல்லணுமான்னா, சொல்லியே ஆகணும். லோகோ அவர் பேர்ல வெளிய போகுது, பிரச்சனை வந்தா மெயில் அவருக்கு தான் மொதல்ல வரும். அழுது மன்னிப்பெல்லாம் வேணாம், "வடிவம் ஓகே ஆனதும் ஃபைனல் ஃபைல் ரெடி பண்றப்ப பார்த்தேன், நான் எடுத்த ஃபாண்டுக்கு வணிக அனுமதி இல்ல, தடிமன் சாய்வும் சரியா வரைஞ்சது இல்ல, பெருசா அடிச்சா தெரியும், இது என் கவனக்குறைவு, அதே தோற்றத்துல சரியான எழுத்துல மாத்தி இந்த வாரத்துக்குள்ள தர்றேன், இதுக்கு தனியா சார்ஜ் இல்ல" இப்டி நாலு வரி போதும். கூட பழசையும் புதுசையும் பெரிய சைஸ்ல பக்கத்து பக்கத்துல வெச்சு ஒரு படம் அனுப்புங்க, ஓ எழுத்த மட்டும் வட்டம் போட்டு காட்டுங்க, சொன்னா புரியாதவருக்கும் பார்த்தா புரிஞ்சிடும். பத்தியும் ஸ்லிப்பும் நிமிர்ந்து இருக்கணும்னு அதே மெயில்ல டிராக்கிங் நம்பர ரெண்டு விதமாவும் அடிச்சு காட்டிடுங்க.

சீனியர் நண்பர் வெளிய சொல்லாதன்னு சொன்னத மட்டும் கேக்காதீங்க. வண்டிக்கு எப்ப பெயின்ட் அடிக்கறாங்கன்னு லெட்டர்ல எழுதல, அந்த தேதிய மொதல்ல கேட்டு வெச்சுக்கோங்க.